பற்பசை பூசிய மாஸ்க்கும் மிதிபடும் முருகைக்கல்லும்

புறாத்தீவில் முருகைக்கல்லின் மேல் எழுந்து நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் அதை உடைக்க வந்தவர்கள் அல்லர். கடலுக்குள் பார்க்கப் போட்ட மாஸ்க் மங்கிவிட்டது. கழற்றித் துடைக்க இரண்டு கையும் வேண்டும். நீந்தத் தெரியாதவருக்கு, இரண்டு கையும் வேலையாக இருக்கையில் காலூன்ற ஓர் இடம் வேண்டும். நிலாவெளியில் இருந்து அந்தத் தீவுக்குப் படகில் ஆட்களை ஏற்றி இறக்குகிற தொழில் எனக்கு. ஒவ்வொரு பருவத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். தண்ணீர் மார்பளவுதான் இருக்கும். கீழே கிடப்பது வெறும் பாறை என்று நினைத்து ஏறி நிற்கிறார்கள். அது உயிர். கிளைவிட்டு வளருகிற முருகையே வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் நீளும். உருண்டையாகத் திரளுகிற வகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். குதிக்கால் பட்டு முறிகிற ஒரு கிளை, ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய் முடிக்கிற காலம் வளர்ந்ததாக இருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன்: முருகையைக் காக்கிற வேலையை மாஸ்க் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் தொடங்குங்கள். மங்காத மாஸ்க்கைக் கொடுப்பது வாடகை வாங்குகிறவரின் கடமை. அதைப் பார்த்து உறுதிசெய்வது பூங்காவைப் பொறுப்பேற்றிருக்கிற வனசீவராசிகள் திணைக்களத்தின் கடமை.

புறாத்தீவு 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசிய பூங்காவானது. கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் மேற்கு, தெற்குக் கரை முருகைகள் வெளிறிச் செத்தபோது எங்கள் திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பிக்கொண்டது. கடல் சூடேறுவதை நிலாவெளியில் இருந்து யாரும் தடுக்க முடியாது. வலையும் நங்கூரமும் செய்கிற சேதமும் பெரிது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மனிதக் காலை முருகைக்கு மேல் வராமல் தடுப்பது முழுக்க எங்கள் கையில் இருக்கிறது.

இப்போது நடப்பது என்ன? மாஸ்க் ஆவி பிடிக்கிறது என்று யாராவது முறையிட்டால் உடனே பற்பசையை எடுத்து விரலால் தேய்க்கிறார்கள். இது கண்ணாடி மாஸ்க்குக்குரிய வைத்தியம். புதுக் கண்ணாடியில், தொழிற்சாலையில் இருந்து வரும்போதே, சிலிக்கோனின் பசை மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். பற்பசையில் உள்ள நுண்ணிய அரைபொடி அதை எடுத்துவிடும். கண்ணாடி கடினமானது, தாங்கும். வாடகைக்கு வருகிற மலிவு மாஸ்க்குகளில் நிறையப் பிளாஸ்டிக். அதே பொடி பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். சில பிளாஸ்டிக் வில்லைகளில் ஆவி பிடிக்காமல் இருக்கவென்று உட்பக்கம் ஒரு பூச்சு பூசி வரும். பற்பசை முதலில் தின்பது அதைத்தான். ஒரு பருவம் இப்படித் தேய்த்த மாஸ்க்கை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்ட வட்டமாகக் கீறல். அதற்குப் பிறகு எதைப் பூசினாலும் அது தெளியாது. லைட்டர் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். தின்னர், அசிற்றோன் பட்டால் நுண்வெடிப்பு விழும்.

குளிர் நாட்டில்தானே ஆவி பிடிக்கும், எங்கள் சூட்டுக் கடலில் ஏன் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சித்திரை முதல் புரட்டாதி வரை இங்கே கடல்நீர் 28, 29 பாகை செல்சியஸ் இருக்கும். முகத்தின் தோலும் மூக்கால் விடுகிற மூச்சும் அதைவிட நாலைந்து பாகை கூடுதலான சூடு, கூடவே ஈரமும் நிறைந்தவை. அந்த ஈரம், வெளியே கடல் தொட்டுக் குளிர்த்திய வில்லையில் பட்டதும் துளியாகிறது. அந்தச் சிறு வித்தியாசமே போதும். சுத்தமான கண்ணாடியில் ஈரம் ஓரளவு பரந்து மெல்லிய படலமாகும், அதற்கூடாகப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கில் தண்ணீர் பரவாது, தாமரை இலையில் போலத் துளி துளியாகத் திரண்டு நிற்கும். அந்தத் துளிகள்தான் கண்ணை மறைக்கிற வெள்ளை. ஆகவே பிளாஸ்டிக்குக்கு வேண்டியது தேய்ப்பு இல்லை, துளியைப் பரப்பிவிடுகிற ஒரு பூச்சு.

அந்தப் பூச்சு எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தலை கழுவுகிற பேபி ஷாம்பு ஒரு பங்கு, நல்ல தண்ணீர் மூன்று பங்கு, ஒரு சிறு போத்தலில் கலந்து வையுங்கள். முதலில் மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் மணலும் ஒட்டியிருக்கையில் விரல் வைத்தால் மணலே கீறும். பிறகு உட்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டு விரல் நுனியால் மெதுவாகப் பரப்புங்கள். துவாயாலோ ரீசேட் ஓரத்தாலோ துடைக்கவே கூடாது. கடலில் ஒரே ஒருமுறை முக்கி எடுத்துப் போடுங்கள். கனக்க அலசினால் பூச்சு போய்விடும், அலசாமல் விட்டால் கண் கடிக்கும். பாத்திரம் கழுவுகிற திரவம் வேண்டாம், அது கண்ணை எரிக்கும். முகத்தில் சன் கிறீம் அப்பியிருந்தால் முதலில் முகத்தைக் கழுவுங்கள், அந்த எண்ணெய் வில்லைக்கு ஏறினால் ஷாம்பும் கைவிடும். மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், நெற்றி வியர்வை முழுக்க உள்ளே போகும். கழுத்தில் தொங்கட்டும். தண்ணீருக்குள் மூக்கால் மூச்சு விடாதீர்கள். இதையெல்லாம் படகில் போகிற நேரத்திலேயே சொல்லி முடிக்கலாம்.

எச்சில் பூசினால் ஆகாதா? ஆகும். சங்கு குளித்த என் பெரியப்பா கடைசிவரை அதைத்தான் செய்தார். எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதம் துளியைப் பரப்பும். காய்ந்த வில்லையில் பூசினால் நன்றாகப் பிடிக்கும். சொந்த மாஸ்க் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். காலையில் ஒரு குடும்பம், மத்தியானம் இன்னொரு குடும்பம் என்று கைமாறுகிற மாஸ்க்கில் அது சரிவராது. மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் கொடுப்பதுதான் மரியாதை.

முழு முகத்தையும் மூடுகிற ஸ்நோர்க்கல் மாஸ்க் பற்றித் தனியே சொல்லவேண்டும். 2014இல் பிரான்சின் டெகத்லோன் நிறுவனம் ஈசிபிரெத் என்று ஒன்றை இறக்கிய பிறகு அதைப் பார்த்துச் செய்தவை எங்கும் வந்துவிட்டன. அதன் முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக். உள்ளே வருகிற புதுக் காற்று வில்லையைத் தடவிக்கொண்டு வந்து, விடுகிற மூச்சு வேறு வழியால் போகும்படி செய்திருப்பதால் நல்ல மாஸ்க் அதிகம் மங்காது. அப்படிப்பட்டது மங்கினால், காற்று போகவேண்டிய வழியில் போகவில்லை என்று சந்தேகப்படவேண்டும். தடுக்கிதழில் உப்பு கட்டியிருக்கலாம், ஓரம் முகத்தில் சரியாகப் படியாமல் இருக்கலாம். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிற ஆபத்து அதில் உண்டு. அது மங்கினால் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடராதீர்கள். கழற்றிவிட்டுப் படகுக்கு வாருங்கள்.

எங்கள் கடலுக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இந்த மங்கல் எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரத்தின் கற்களை, 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே சுழியோடிக் கண்டார்கள். புறாத்தீவில் சுழியோடக்கூடத் தேவையில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும், கருமுனைச் சுறாக் குட்டிகள் கரையோரமாகவே போகும். கண்டியில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வந்து, படகுக் கூலியும் பூங்கா ரிக்கெற்றும் கட்டிய குடும்பம் வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டுப் போகிறது. "அண்ணா, ஒண்டுமே தெரியேல்ல" என்று ஒரு சின்னப் பிள்ளை சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கண்ணாடி மாஸ்க் விலை கூட, எல்லாரும் வாங்க முடியாது என்று கடைக்காரர் சொல்வது உண்மை. பிளாஸ்டிக்கை ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் குவிக்காதீர்கள் என்கிறேன். கண்ணாடியில் பெரும்பாலும் 'டெம்பர்ட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். பிளாஸ்டிக் மாஸ்க்கின் பட்டியில் ஒரு நிற நூலைக் கட்டிவிட்டால் வேலைக்கு நிற்கிற பொடியனுக்கும் எதில் பற்பசை படக்கூடாது என்று தெரியும். வெயிலில் காயப்போடாமல் நிழலில் தொங்கவிடுங்கள். கீறல் விழுந்ததை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். திணைக்களம் ரிக்கெற் கொடுக்கிற இடத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஷாம்புப் போத்தலும் வைத்து, மாஸ்க்கைப் பார்த்து அனுப்பட்டும். கச்சான் காற்றுக்கு முன், சித்திரை விடுமுறைச் சனம் வருகையிலேயே இதைத் தொடங்கலாம். செலவு ஒரு ஷாம்புப் போத்தலின் விலை.

இவ்வளவு செய்தும் நடுக்கடலில் மங்கினால்: காலை இறக்காதீர்கள். மாஸ்க்கின் கீழ் ஓரத்தைச் சற்றே தூக்கிக் கொஞ்சம் கடல்நீரை உள்ளே விட்டு, தலை குனிந்து அந்தத் தண்ணீர் வில்லையைக் கழுவுமாறு ஆட்டுங்கள். பிறகு தலையை நிமிர்த்தி, மேல் ஓரத்தை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதி வெளியேற்றுங்கள். அது வராதவர்கள் உயிர்காப்பு அங்கியோடு மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். படகை நாங்கள் கொண்டுவருவோம்.