'இவருக்குப் பதில் இவர்'... அதற்கு அப்புறம் ரசிகை என்ன செய்வாள்?

சீரியல் பார்க்கும் எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். 'இவருக்குப் பதில் இவர்.' மூன்றே சொல். சில நொடிகள் திரையில் நிற்கும், அப்புறம் கதை ஓட ஆரம்பித்துவிடும். அதே வீடு, அதே புடவை, அதே மாமியார். நேற்று வரை அழுத முகம் மட்டும் இன்று இல்லை. அந்த இடத்தில் நின்று இன்னொருவர் அழுகிறார்.

'சீரியல்தானே, இதுக்கெல்லாமா வருத்தப்படுவாங்க?' என்று கேட்பவர்கள் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பார்க்கலாம். ஜன்னலோர சீட்டில் பாதிப் பேர் தூக்கத்தில். மீதிப் பேர் காதில் இயர்போன், கையில் செல்போன். வேலை நேரத்தில் தவறவிட்ட எபிசோடு அங்கேதான் ஓடும். இரவு 9.30 மணிக்கு 'எதிர்நீச்சல்' ஒளிபரப்பான காலத்தில், அந்த நேரத்துக்கு டி.வி முன்னால் உட்கார முடிந்தவர்கள் காலை ஷிப்ட்காரர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு மறுநாள் பஸ்தான் தியேட்டர்.

சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று செல்போனில் இருந்து கார் வரை தயாராகும் இந்த வட்டாரத்தில், சொந்த ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டியது. ஒரு சிறிய ஊரின் ஜனத்தொகை ஒரே வளாகத்தில்! அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த சீரியலை ஹாஸ்டல் கட்டிலில் தனியாகப் பார்க்கும்போது அது வெறும் கதையாக இருப்பதில்லை. ஊரில் அம்மா பார்க்கிறார், இங்கே மகள் பார்க்கிறாள். 'இன்னைக்கு பாத்தியாம்மா?' என்று போனில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரும் வழியில், செம்பரம்பாக்கத்தில் இருக்கிறது ஈ.வி.பி ஃபிலிம் சிட்டி. பிக் பாஸ் வீடு போடும் அதே இடம். ஷூட்டிங் வண்டிகளும் கம்பெனி பஸ்களும் ஒரே ரோட்டில்தான் போகின்றன.

நடந்தது ஒருவர், வந்து சேர்ந்தது இன்னொருவர்

நாயகி மாற்றம் என்றதும் தமிழ் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'பாரதி கண்ணம்மா'. விஜய் டி.வியில் 2019 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் தொடர், 'கருத்தமுத்து' என்ற மலையாள சீரியலின் தமிழ் வடிவம். கண்ணம்மாவாக ரோஷினி ஹரிப்பிரியன், டாக்டர் பாரதியாக அருண் பிரசாத். கணவன் சந்தேகப்பட, கர்ப்பிணியான கண்ணம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறி நடந்தாரே, அந்தக் காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. எபிசோடு எபிசோடாக நடந்தார். தமிழ்நாடே மீம்ஸ் போட்டுச் சிரித்தது.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். தோளில் ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, தெரியாத ஊரில் தன் காலில் நிற்கும் பெண் என்றால் ஹாஸ்டலில் இருப்பவளுக்குச் சிரிப்பா வரும்? அவளும் அப்படி ஒரு பையோடுதான் விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ பஸ் ஏறியிருப்பாள். கறுப்பு நிறத்துக்காகக் குத்திக்காட்டப்படும் ஒருத்தி நாயகியாக நிற்பதும் அவளுக்குப் பெரிய விஷயம்.

2021-ன் கடைசியில் ரோஷினி விலகினார். சினிமா வாய்ப்புகளுக்காக என்று செய்திகள் வந்தன. அவர் இடத்துக்கு வந்தவர் வினுஷா தேவி. முகச்சாயலில் ரோஷினியைப் போலவே இருக்கிறார் என்று சோஷியல் மீடியாவில் ஏற்கெனவே பேசப்பட்டவர். சாயல் இருந்ததே அவருக்குப் பாரமாகவும் ஆனது. வேறு மாதிரி இருந்திருந்தால் வேறு ஆள் என்று விட்டிருப்பார்கள். ஒரே மாதிரி இருந்ததால் ஒவ்வொரு பார்வையையும் ஒவ்வொரு அழுகையையும் பழைய கண்ணம்மாவோடு வைத்து அளந்தார்கள்.

ஆனாலும் தொடர் நிற்கவில்லை. 2023 பிப்ரவரி வரை போனது. உடனே தொடங்கிய இரண்டாம் பாகத்திலும் வினுஷாதான் நாயகி. ரோஷினி 'குக்கு வித் கோமாளி' போனார். 'கருடன்', 'மெட்ராஸ் மேட்னி' என்று சினிமாவிலும் நடித்தார். இருவருக்கும் பாதை இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டது ரசிகை மட்டும்தான்.

விலகல் வேறு, இழப்பு வேறு

நடிகர் தானே விலகினால் கோபப்படலாம், வாழ்த்தலாம். அவர் உயிரோடு இல்லை என்றால்?

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக வீட்டுப் பெண் போல ஆகிவிட்டவர் வி.ஜே சித்ரா. 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது, கதிர் – முல்லை ஜோடியை ரசித்தவர்கள் உண்மையாகவே துக்கம் காத்தார்கள். ஆனால், தினசரி சீரியலுக்குத் துக்கம் காக்க நாள் கிடையாது. 'பாரதி கண்ணம்மா'வில் நடித்துக்கொண்டிருந்த காவ்யா அறிவுமணி அடுத்த முல்லையாக வந்தார். அவரும் விலகிய பிறகு 2022-ல் லாவண்யா. ஒரே பெயர், ஒரே தாலி, மூன்று முகங்கள்.

'எதிர்நீச்சல்' கதையும் இப்படித்தான். ஆதி குணசேகரனாக மிரட்டிய மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று அந்த சீரியலின் டப்பிங் வேலையின்போது மாரடைப்பால் காலமானார். திட்டித் தீர்ப்பதற்காகவே பார்த்த வில்லனுக்காக வீடுகளில் அழுதார்கள். அடுத்த சில வாரங்களில், எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மாரிமுத்துவைக் காப்பி அடிக்கவில்லை. தன் குரலில், தன் நடையில் செய்தார். சிலருக்குப் பிடித்தது. சிலருக்குக் கடைசி வரை மனம் ஒட்டவில்லை. இரண்டுமே நியாயம்தான்.

ஏன் நிறுத்த முடியாது?

சினிமாவில் ஹீரோ விலகினால் படப்பிடிப்பைத் தள்ளி வைக்கலாம். தினசரி சீரியலில் கையிருப்பில் இருப்பது சில நாள் எபிசோடுகள்தான். அது தீர்வதற்குள் அடுத்த ஷூட்டிங் நடந்தாக வேண்டும். வியாழக்கிழமை தோறும் டி.ஆர்.பி வரும். நேரம் போனால் விளம்பரம் போகும். ஒரு செட்டில் லைட்மேன், மேக்கப், சமையல், டிரைவர் என்று பல குடும்பங்களின் அன்றாடச் சம்பளம் இருக்கிறது. சீரியல் நடிகர்களில் பெரும்பாலானவர்களுக்கும் நாள் கணக்கில்தான் சம்பளம். கல்யாணம், குழந்தை, உடல்நிலை, சினிமா வாய்ப்பு, சம்பளப் பிரச்னை என்று யாராவது விலகினால் மூன்று வழிகள்தான். பாத்திரத்தைச் சாகடிக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அல்லது ஆளை மாற்றலாம். கதையின் பெயரிலேயே இருக்கும் கண்ணம்மாவை எந்த வெளிநாட்டுக்கு அனுப்புவது?

உலகத்தில் இதை அழகாகச் சமாளித்த சீரியலும் உண்டு. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில், 1966-ல் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விலக வேண்டி வந்தது. உடம்பையே புதுப்பித்துக்கொள்ளும் வேற்றுகிரகவாசி என்று கதையில் சேர்த்து, பேட்ரிக் ட்ரூட்டனைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து நாயகன் மாறுவதே அந்த சீரியலின் திருவிழா ஆகிவிட்டது. நம் குடும்பக் கதைகளில் அந்த வசதி இல்லை. மாமியாரும் கணவனும் புது முகத்தைப் பார்த்து ஒரு நொடி கூட திகைக்கக் கூடாது. அந்தத் திகைப்பு முழுவதும் ரசிகையின் தலையில் விழுகிறது.

அந்த முதல் வாரம்

திகைப்பு எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் கவலை. பெரும்பாலும் புதிதாக வந்தவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில். 'நீ செட் ஆகலை', 'பழைய ஆளைக் கூட்டிட்டு வாங்க' என்பதில் தொடங்கி நிறம், உடம்பு, குடும்பம் வரை போகும். அவர் யாரையும் துரத்திவிட்டு வரவில்லை. காலியான இடத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள், வந்தார்.

இதை இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லைனில் பக்கத்தில் நின்றவள் கல்யாணம் என்று ஊருக்குப் போய்விடுவாள். கான்ட்ராக்ட் முடிந்து ஒருத்தி போவாள். மறுநாள் அந்த ஸ்டேஷனில் புதுப்பெண் நிற்பாள். லைன் ஒரு நிமிஷம் கூட நிற்காது. முதல் வாரம் கை ஓடாது. 'முன்னாடி இருந்தவ எவ்ளோ ஸ்பீடு தெரியுமா?' என்று சூப்பர்வைசர் ஒப்பிடுவார். அந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று தெரியாதவர்கள் ஹாஸ்டலில் குறைவு. அந்தப் புதுப்பெண்ணுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, 'பயப்படாத, ரெண்டு நாள்ல பழகிடும்' என்று சொல்லும் அக்காக்களும் அதே லைனில் இருக்கிறார்கள். போன தோழியை அவர்கள் மறந்துவிட்டார்களா? இல்லையே. அவள் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. குழந்தை போட்டோ வந்தால் ஹார்ட் போடுகிறார்கள்.

ரசிகையாகத் தொடர்வதும் அவ்வளவுதான். போனவரை மறக்க வேண்டாம், வந்தவரைத் திட்டவும் வேண்டாம்.

நேரம் கொடுத்தால் பலன் இருக்கிறது என்பதற்கு 'பாக்கியலட்சுமி' ராதிகா நல்ல உதாரணம். முதலில் அந்தப் பாத்திரத்தைச் செய்தவர் ஜெனிஃபர். 2021-ல் ரேஷ்மா பசுபுலேட்டி வந்தபோது ஒப்பிடாதவர்கள் குறைவு. சில மாதங்களில் ராதிகா என்றாலே ரேஷ்மா முகம்தான் என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் உண்மை. இந்தியில் 'க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி' துளசியாக 2007-ல் ஸ்மிருதி இரானிக்குப் பதில் கவுதமி கபூர் வந்தார். மறு ஆண்டே ஸ்மிருதி திரும்பி வந்துவிட்டார். சில பாத்திரங்கள் ஒரு முகத்தோடு ஒட்டிப் பிறந்தவை. அது கவுதமியின் குற்றம் ஆகாது.

பிடித்த நாயகி மாறிவிட்டால்...

* முதல் வாரத்தை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். இன்னொருவரின் அழுகையைப் பாதியில் இருந்து தொடர்வது எந்த நடிகைக்கும் எளிதில்லை. ஒரு மாதம் கொடுங்கள்.

* பழைய நடிகையின் அடுத்த படம், அடுத்த ஷோ எங்கே என்று தேடிப் பாருங்கள். அவருக்கு அது பெரிய பலம். அதற்காகப் புதியவரை இறக்கிப் பேச வேண்டியதில்லை.

* மனம் ஒட்டவே இல்லையா? நிறுத்திவிடுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடித்த காலத்து எபிசோடுகள் ஆப்பில் இருக்கின்றன.

* கோபம் இருந்தால் கதை மீது காட்டுங்கள். டி.என்.ஏ டெஸ்ட்டை அத்தனை நாள் இழுத்ததற்குத் திட்டலாம். அதில் தப்பே இல்லை!

ஊரில் அம்மா இன்னும் புது நாயகியைப் 'புதுசு' என்றுதான் சொல்வார். இரண்டு மாதம் கழித்து, அவரே அறியாமல் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, 'பாவம்டி அவ, இன்னைக்கும் அழுதா' என்பார். அன்றைக்குப் புதியவருக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பிடித்த எந்த நாயகி மாறியபோது சீரியலைத் தொடர்ந்து பார்த்தீர்கள்? எதை நிறுத்தினீர்கள்?