எட்டுக்காலுக்கு ஏன் இந்தத் தண்டனை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. எட்டுக்கால் பூச்சியைக் கண்டு நடுங்குவதற்குப் படை எதற்கு? விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி போதும். ஆம், இக்கட்டுரையை எழுதுகிற நான் சிலந்திக்கு அஞ்சுகிறவள். சோதனைச் சாலையில் கண்ணாடிக் குடுவைக்குள் ஃபார்மலினில் மிதக்கும் கருந்தேளைப் பக்கத்தில் நின்று பார்த்துப் படம் வரைகிறேன். ஆனால் இரவில் கொல்லைப்புறக் கழிவறையின் கதவைத் திறந்ததும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்துக்கொண்டு அது அமர்ந்திருந்தால், என் கால்கள் நகர மறுக்கின்றன. அஞ்சுகிறவளே அதற்காக வாதாட வந்துவிட்டாளே என்று நண்பர்கள் நகைக்கலாம். அச்சமே இல்லாதவர் வாதாடுவதில் என்ன இருக்கிறது? அவருக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லையே!

முதலில் இந்தப் பிராணி யார் என்று பார்ப்போம். எட்டுக்கால் பூச்சி என்ற பெயரே ஒரு முரண். பூச்சி என்றால் ஆறு கால். எட்டுக் கால் உள்ளது பூச்சி இனத்தில் சேராது. தேளும் உண்ணியும் அதன் உறவினர். நம் வீடுகளில் காணும் பெரிய சிலந்தி பெரும்பாலும் ஹெட்டரோபோடா வெனடோரியா என்னும் வேட்டைச் சிலந்தி. 1767-இல் லின்னேயஸ் அதை நூலில் ஏற்றினார். வெனடோரியா என்ற இலத்தீன் சொல்லுக்கே வேட்டையாடுவது என்பதுதான் பொருள். கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். உடல் தட்டையானது, ஆகவே கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே ஒரு நாணயம் நுழையும் சந்து கிடைத்தால் போதும், உள்ளே போய்விடும். கால்கள் நண்டின் கால்களைப் போலப் பக்கவாட்டில் திரும்பியவை. அது முன்னே வருமா, பக்கத்தில் ஓடுமா என்று நாம் கணிக்க முடியாமல் திகைப்பதற்கு அதுவே காரணம். செத்த சிலந்தியின் கால்கள் ஏன் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன தெரியுமா? காலை மடக்கத் தசை உண்டு. நீட்டுவதற்கோ முக்கியமான மூட்டுகளில் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் அது காலை நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போகிறது, கால் மடங்குகிறது.

இச்சிலந்தி இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் அப்பாயி இதன்மீது சாட்டும் முதற் குற்றமே, "ஒட்டடை கட்டினால் வீட்டில் மூதேவி குடியேறுவாள்" என்பதுதான். ஒட்டடை கட்டுவது கூரை மூலையில் தொங்கும், நூல் போன்ற காலுடைய சிறு சிலந்தி. அந்தச் சின்னவன் செய்த குற்றத்துக்குப் பெரியவன் செருப்படி படுகிறான். போகிக்கு முன் ஒட்டடை அடிப்பதை யாரும் தடுக்கவில்லை. அந்த ஒட்டடைக் கம்பையே திருப்பிப் பிடித்துக் கரப்பானைத் தின்கிற காவல்காரனை நசுக்குவானேன்?

காரைக்கால் வட்டாரத்தில் வீடுகள் மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். கீற்றுக் கொட்டகை போய் ஓடு வந்தது. ஓடு போய்த் தளம் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. கீற்றில் ஆயிரம் உயிர்களோடு சேர்ந்து கிடந்தபோது யாரும் சிலந்தியை எண்ணிப் பார்க்கவில்லை. பல்லி, தேள், பூரான், எலி, எலியைத் தேடி வரும் பாம்பு என்று ஒரு கூட்டுக் குடும்பமே மேலே இருந்தது. இப்போது சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டோம். வெள்ளைச் சுவரில் கருமையாய் ஒன்று அமர்ந்தால் கண்ணில் குத்துகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கொல்லையில் தண்ணீர் தேங்கியதும் அது உள்ளே வருகிறது. சாக்கடையோரக் கழிவறையில் கரப்பான் நிறைய; கரப்பான் இருக்குமிடம் அதற்குச் சமையற்கட்டு. சிலந்தியை நாம் அழைக்கவில்லை என்பது உண்மைதான். கரப்பானை அழைத்தது யார்?

நிற்க. என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது ஒட்டடை அன்று; என் பெரியம்மாவின் கண்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் அவர் நெற்றியின் வலப்பக்கம் எரிகிறது என்றார். மறுநாள் அங்கே சிறு சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாய் எழும்பின. புருவம் தாண்டி இமைவரை இறங்கின. பார்த்தவர் அனைவரும் ஒரே குரலில் தீர்ப்புக் கூறினார்கள்: எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்து மூத்திரம் பெய்துவிட்டது! வீட்டிலிருந்த சிலந்திகள் அத்தனையும் அன்று மாலைக்குள் அடித்துக் கொல்லப்பட்டன. பெரியம்மாவை அழைத்துப் போய் அக்கி எழுதினார்கள். காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம்போல் எழுதிவிட்டால் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. இறங்கவில்லை. மூன்றாம் வாரம் கண் திறக்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோது, முதல் மூன்று நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். கொப்புளம் ஆறிவிட்டது. வலது கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் ஊசியில் நூல் கோக்க என் தங்கையைத்தான் கூப்பிடுகிறார்.

அக்கிக்குக் காரணம் ஒரு வைரஸ். சிறு வயதில் நமக்குச் சின்னம்மை தந்த அதே வைரஸ். அம்மை இறங்கிய பின்னும் அது உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ விழித்து, ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல வரிசை கட்டுகின்றன. ஒரு சிலந்தி ஊர்ந்தால் இப்படி நடுக்கோட்டில் நின்று, மறுபக்கம் போகாமல், நரம்பின் பாதையை அறிந்து ஊருமா? சிலந்தியின் கழிவோ குவானின் என்னும் வெண்மையான பொருள் கலந்தது. தோலைப் பொசுக்கும் திராவகம் அன்று. அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. இத்தனையும் பாடநூலில் இருக்கிறது. எங்கள் தெருவில் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என் சொல்லைக் கேட்பவர் எவருமில்லை, சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. பழியைச் சிலந்திமேல் போட்டதால் சிலந்திக்கு உயிர் போயிற்று. எங்கள் பெரியம்மாவுக்குப் பார்வை போயிற்று. இதில் சிலந்தியின் இழப்பைவிட நம் இழப்பே பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு நஞ்சே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கரப்பானைக் கொல்லும் அளவு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும். வலிக்கும், வீங்கும், பிறகு சரியாகும். பாம்பைப் பாருங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். தரையில் பாய் விரித்து உறங்கும் நம் கழனிப் பகுதி மக்களுக்குக் கட்டுவிரியன்தான் எமன். அந்தப் பாம்பு வராமலிருக்க வாசலில் ஒரு விளக்குப் போடுங்கள், கட்டிலில் படுங்கள், கொசுவலை கட்டுங்கள் என்றால் கேட்போர் இல்லை. சிலந்தி என்றாலோ நள்ளிரவில் வீடே எழுந்துவிடுகிறது! 2012-இல் அசாம் மாநிலத்தின் சதியாவில் சிலந்திகள் கடிப்பதாக ஒரு பீதி பரவியது. கடிபட்டதாக எண்ணியவர்கள் மந்திரவாதிகளிடம் போய்ப் பிளேடால் கீறிக்கொண்டார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. நஞ்சைவிட வைத்தியம் கொடியதாயிற்று.

நம் பக்கத்திலும் அதற்கு ஒரு தம்பி உண்டு. வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தைப் புட்டியோடு இறவாணத்தில் செருகி வைத்திருப்பார்கள். சிலந்தி தொல்லை என்றதும் அதையே தண்ணீரில் கலந்து கழிவறைச் சுவரில் அடிப்பவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நெற்பயிருக்கு என்று விற்பதைக் காற்றுப் புகாத நான்கடி அறையில் அடித்துவிட்டு அதற்குள் குழந்தையை அனுப்புவதை என்னென்பது? வயலிலாவது அது நன்மை செய்கிறதா? நெல் வயலில் ஓநாய்ச் சிலந்தி என்று ஒரு வகை உண்டு. புகையானை அது தின்று தீர்க்கும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் மடிவது இச்சிலந்தி. முட்டையாய்த் தண்டுக்குள் இருந்த புகையான் தப்பி, எதிரி இல்லாத வயலில் முன்னைவிடப் பெருகும். இந்தோனேசிய அரசு இப்பாடத்தைப் பெரும் பயிரிழப்புக்குப் பின் கற்று, 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. என் தந்தை கூலிக்கு மருந்தடிப்பவர். சிலந்தி கிடக்கிற வயலில் மருந்துக்கு அவசரமில்லை என்பது அவர் தம் அனுபவத்தில் கண்டது. நான் அதற்கு நூலாதாரம் கண்டேன், அவ்வளவே.

அச்சம் பிறவிக் குணமா, பழக்கமா என்ற கேள்வி உண்டு. 2017-இல் ஜெர்மனி, சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூக்களின் படத்தையும் சிலந்திகளின் படத்தையும் காட்டினார்கள். சிலந்தியைக் கண்டபோது குழந்தைகளின் கண்மணி அதிகம் விரிந்தது. ஆக, உற்று நோக்கும் விழிப்பு பிறவியிலேயே இருக்கலாம். ஆனால் செருப்பைத் தேடும் கை பிறவியில் வந்ததன்று. அது அம்மாவின் அலறலைக் கேட்டு நாம் கற்றது. ஆகையால் சிலந்திக்கு அஞ்சுகிறவர்களை, குறிப்பாகப் பெண்களை, எள்ளி நகையாடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ரப்பர் சிலந்தியை மேசை இழுப்பறையில் வைத்து வேடிக்கை பார்க்கும் வீரர்கள் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அதனால் அச்சம் தெளிவதில்லை. அஞ்சுகிறவர் வீட்டுக்குப் போய்க் கூடுதலாக இரண்டு சிலந்தியை அடிக்கிறார். சுவீடன் உளவியலார் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-இல் வெளியிட்ட முறை வேறு: அஞ்சுகிறவரின் சம்மதத்தோடு, மூன்று மணி நேரத்துக்கு மிகாமல், படிப்படியாகச் சிலந்தியின் அருகே கொண்டுபோவது. ஒரே அமர்வில் பலர் தேறியிருக்கிறார்கள். சம்மதம் என்பதே அதில் உயிர்நாடி.

நம் மண்ணுக்குச் சிலந்தி புதியதன்று. திருவானைக்காவில் இறைவன்மேல் சருகு உதிராமல் பந்தல் பின்னிய சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பது புராணம். சிக்கலுக்கும் கீழ்வேளூருக்கும் போய்ப் படியேறி வணங்குகிறோம். வீட்டுக்கு வந்து துடைப்பத்தை எடுக்கிறோம். காரைக்கால் அம்மையாரோ கண்டவர் அஞ்சி ஓடும் பேயுருவைத் தாமே வேண்டிப் பெற்றவர். ஆண்டுதோறும் ஆனியில் அவருக்கு மாங்கனி இறைத்துத் திருவிழா எடுக்கும் ஊர் இது. உருவத்தைக் கண்டு அருவருப்பதை இந்த ஊர்க்காரராகிய நாமாவது கொஞ்சம் யோசித்துச் செய்யலாமல்லவா?

இதைவிடப் பெரிய சிலந்திகளும் தமிழர் வாழும் நிலத்தில் உண்டு. 1885-இல் பிரெஞ்சு அறிஞர் யூஜீன் சிமோன் பொசிலோதீரியா என்று பெயரிட்ட மரச் சிலந்திப் பேரினத்தில் ஒன்று இராமேசுவரத்துப் புளியமரங்களில் வாழ்வது; 2004-இல் அறிவியலுக்குத் தெரிய வந்தது. பாக் நீரிணைக்கு அப்பால் மன்னாரிலும் பின்னர் அதைக் கண்டார்கள். அழியும் தறுவாயில் உள்ள இனம் என்ற பட்டியலில் அது இருக்கிறது. வன்னியில் மாங்குளத்தருகே 2009-இல் கிடைத்த 20 சென்டிமீட்டர் சிலந்திக்கு, ஆய்வாளருக்குத் துணையாய் நின்ற ஒரு தமிழ்ப் போலீஸ் அதிகாரியின் பெயரையே சூட்டி 2012-இல் வெளியிட்டனர். இவற்றின் கடி கடுமையானது, தசைகள் இழுக்கும். ஆனால் மரப்பொந்தை விட்டு நம்மைத் தேடி வருபவை அல்ல. கூண்டில் வளர்க்க வெளிநாட்டார் இவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதால் 2019 முதல் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நாம் செருப்பால் அடிப்பதன் பங்காளியைக் கடல்கடந்து விலை பேசுகிறார்கள். இதுவும் ஒரு வேடிக்கை.

சிலந்தியை மடியில் வைத்துக் கொஞ்சச் சொல்லவில்லை. படுக்கையறையும் அடுப்படியும் எங்களுக்கு. கழிவறைச் சுவரும் விறகடுக்கும் அதற்கு. எங்கள் வீட்டில் இப்போது நடப்பில் உள்ள உடன்படிக்கை இதுதான். எல்லை மீறினால் ஒரு பெரிய டம்ளரை அதன்மேல் கவிழ்த்து, பழைய நாட்காட்டி அட்டையைச் சுவருக்கும் டம்ளருக்கும் இடையே மெல்ல நுழைத்து, கொண்டுபோய்க் கொல்லையில் விட வேண்டும். வயிற்றின் கீழ் வெள்ளை வில்லைபோல் ஒன்றைச் சுமந்திருந்தால் அது தாய். வில்லைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். சில வாரம் அதை விடாமல் தூக்கித் திரியும். அப்படிப்பட்டதை விறகடுக்கின் பின்புறம் விடுகிறோம். டம்ளரைக் கவிழ்ப்பது என் தங்கை. அட்டையை நுழைப்பது நான்.