பெயரை எடுங்கள், கணக்கைக் காட்டுங்கள்

மார்சேய், பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம். மத்தியதரைக்கடல் துறைமுகம். அல்ஜீரியாவிலிருந்தும் துனிசியாவிலிருந்தும் கொமோரோஸ் தீவுகளிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்களின் குடும்பங்கள் நகரின் வடக்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்கின்றன. அங்கே உள்ள அரசு நடுநிலைப்பள்ளி சட்டப்படி எல்லோருக்கும் பொதுவானது. எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று அரசே எல்லை வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் வசதியுள்ள குடும்பம் அந்த எல்லையைத் தாண்டி கத்தோலிக்கத் தனியார் பள்ளிக்குப் போய்விடும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது. போக வழியில்லாதவர்களின் பிள்ளைகள் மட்டும் 'எல்லோருக்குமான' பள்ளியில் மிஞ்சுகிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலை எட்டு மணிக்குச் சிம்மக்கல் முக்கில் நின்று பாருங்கள். மெட்ரிக் பள்ளி வேன்கள் எந்தத் தெருவுக்குள் நுழைகின்றன, எந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். அரசுக்கும் தெரியும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இந்தச் சிம்மக்கல்லை ஒட்டிய ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. முதற்கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பசித்த பிள்ளை எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று தெரிந்துதானே சோறு அங்கே போனது? அப்படியிருக்க, எந்தப் பள்ளியில் எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் சங்கடப்பட்டு நெளிகிறார்கள்?

இந்தக் கேள்வியை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பள்ளிப் பெயரில் 'ஆதிதிராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற சொற்கள் கூடாது, துறைவாரியாகச் சிதறிக் கிடக்கும் பள்ளிகள் எல்லாம் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வர வேண்டும் என்றது. இந்தக் கடைசி யோசனையை அதற்கு முந்தைய ஆண்டு பட்ஜெட்டிலேயே அறிவித்திருந்தவர் அன்றைய நிதியமைச்சர், நம் மதுரை மத்தியத் தொகுதிக்காரர்தான். பிறகு 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கும் அறிவிப்பு, ஜூலையில் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்ற பெயர்.

பெயர் மாறுவதை நான் எதிர்க்கவில்லை. மாற்றுச் சான்றிதழில் பள்ளிப் பெயரே சாதியைச் சொல்லிவிடும் கொடுமையை அனுபவித்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் இந்தப் பள்ளிகள் ஏன் தனியாகத் தொடங்கப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. பொதுப் பணத்தில் நடந்த பள்ளிக்குள் நம் பிள்ளைகளைச் சாதி இந்துக்கள் விடவில்லை. அதனால்தான் நூறாண்டுகளுக்கு முன் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. 'லேபர் ஸ்கூல்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். பிறகு ஹரிஜன் நலப் பள்ளி, பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பலகை இரண்டு முறை மாறியது. உள்ளே உட்காரும் பிள்ளைகள் மாறவில்லை. மூன்றாம் முறையும் பலகை மட்டும் மாறினால், ஒதுக்கல் அப்படியே இருக்கும், அதைச் சுட்டிக்காட்ட நம்மிடம் இருந்த சொல்லும் போய்விடும்.

இங்கேதான் மார்சேயிடம் கற்க ஒன்று இருக்கிறது. பிரான்ஸ், குடிமக்களின் இனத்தைக் கணக்கெடுக்காத நாடு. கணக்கெடுக்காமல் இருப்பதே சமத்துவம் என்று நம்புகிற நாடு (நம்மூரில் சாதிவாரிக் கணக்கெடுப்பு என்றதும் பதறுகிறவர்களின் அதே நம்பிக்கை). ஆனால் பெற்றோரின் தொழிலை அடிப்படையாக வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சமூக நிலைக் குறியீட்டைக் கல்வி அமைச்சகம் பல ஆண்டுகளாக உள்ளுக்குள் கணக்கிட்டு வந்தது. ஒரு பத்திரிகையாளர் அதைக் கேட்டார். தர மறுத்தார்கள். வழக்குத் தொடர்ந்தார். 2022 ஜூலையில் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் வெளியிடச் சொன்னது. சில மாதங்களில் நாடு முழுக்க ஒவ்வொரு பள்ளியின் எண்ணும் பொதுவெளிக்கு வந்துவிட்டது. வடக்கு மார்சேயின் அரசு நடுநிலைப்பள்ளிகள் பட்டியலின் அடியில் கிடந்தன. அதே நகரத்தின் தனியார் பள்ளிகள் மிக உயரத்தில்.

எண் வெளியானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2023 மே மாதம் கத்தோலிக்கப் பள்ளி நிர்வாகத்தோடு கல்வி அமைச்சர் போட்ட உடன்பாட்டில் கட்டாய ஒதுக்கீடு எதுவும் இல்லை. ஆனாலும் "நாங்கள் எல்லோரையும் சேர்க்கிறோம்" என்று இனி யாரும் வாய்ப்பேச்சில் தப்பிக்க முடியாது. எண் இருக்கிறது.

நம் கோரிக்கை இதுதான்: பிள்ளையின் சாதியை மறையுங்கள், பள்ளியின் சாதிக் கணக்கைக் காட்டுங்கள். வகுப்பில் எவன் என்ன சாதி என்று பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரிய வேண்டாம். அதில் சந்துரு குழு சொன்னது சரி. ஆனால் ஒரு பள்ளியில் பட்டியல் சாதி எத்தனை, அதில் அருந்ததியர் எத்தனை, பழங்குடி எத்தனை, பிற்படுத்தப்பட்டோர் எத்தனை, ஆசிரியர்கள் யார் யார் என்ற மொத்த எண்ணிக்கை வெளியில் இருக்க வேண்டும். அருந்ததியரைத் தனியே கேட்பதற்குக் காரணம் மதுரைக்குத் தெரியும். இந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் குவிகிறார்கள், எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பது 'எஸ்.சி.' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் காணாமல் போகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளும் இந்தக் கணக்கில் வர வேண்டும். ஆசிரியர் சம்பளம் மக்கள் பணம்தானே?

இதற்கு நம் தோழர்களே ஒரு மறுப்பு சொல்கிறார்கள். எண்ணை வெளியிட்டால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிற சாதிப் பிள்ளைகளும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. அலட்சியப்படுத்தக்கூடிய பயம் அல்ல. பிரான்சிலும் இதே வாதம் எழுந்தது. ஆனால் நான் வேலை செய்யும் தெருக்களில் பார்ப்பது வேறு. பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையா விசாரிக்கிறார்கள்? "அங்க யாரு புள்ளைக படிக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பதிலும் உடனே கிடைத்துவிடுகிறது. ஓட நினைக்கிறவர்களுக்கு அரசின் பட்டியல் தேவையே இல்லை. அது நமக்குத்தான் தேவை.

ஏனென்றால் இது பணத்தின் கேள்வியும்கூட. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை இணைப்பதற்கு தலித் இயக்கங்களுக்குள் எதிர்ப்பு இருப்பது பெயர்மீதான பாசத்தால் அல்ல. தனித் துறை போனால் தனி நிதியும், நம் பிள்ளைகளுக்கென்று பதில் சொல்ல ஓர் அதிகாரியும் போய்விடுவார்கள் என்ற பயத்தால். 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது. அந்த நிதியைக் கல்வியில் எங்கே செலவழிப்பது? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் இருக்கிறார்களோ அங்கே. அதற்குப் பள்ளிவாரிக் கணக்கு வேண்டும். 1981 முதல் பிரான்ஸ் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளை முன்னுரிமைப் பள்ளிகள் என்று குறித்துக் கூடுதல் ஆசிரியர்களைத் தருகிறது. மிகவும் பின்தங்கிய பகுதிகளில் பணிபுரியும் ஆசிரியருக்குக் கூடுதல் ஊதியம், முதல் வகுப்புகளில் பாதி அளவு பிள்ளைகள். போதவில்லை என்று மார்சேய் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், அது வேறு. நம் கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று தலையை எண்ணுவதோடு சரி. எந்த வீட்டிலிருந்து வரும் தலை என்று பார்ப்பதில்லை.

அரசு தானாக வெளியிடும்வரை காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பெயர் எதுவும் கேட்காதீர்கள், கேட்டால் தனிநபர் தகவல் என்று தட்டிக் கழிப்பார்கள். உங்கள் வார்டில் உள்ள ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும், கடந்த ஐந்து ஆண்டுகளில் வகுப்புவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக மாணவர் எண்ணிக்கை. எட்டு முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன்.