"போர்டு போயிடுச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்



ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பல வீடுகளில், பிள்ளைகள் படிப்புக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் இருக்கும். ஒருநாள் அது ஆன் ஆகாது. கடையில், "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். சோதித்துக் காட்டாமல் சொன்னால் ஏற்காதீர்கள் என்பதே என் கருத்து.

முதலில் அந்த பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். சிபியு பின்னால் உள்ள சின்ன சுவிட்சையும் பாருங்கள். ஃபேன் சுற்றி, திரை மட்டும் இருட்டாக இருந்தால் கரண்ட் வருகிறது. மானிட்டர் கேபிளையும் ராமையும் பார்க்க வேண்டும்.

ஃபேனே சுற்றவில்லையா? 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் மீதுதான் முதல் சந்தேகம். அதைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம். கடையில் வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் போர்டுப் பேச்சு.

போர்டே போனாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் ப்ராஜெக்ட், குடும்பப் போட்டோக்கள் பெரும்பாலும் அதில் பத்திரமாக இருக்கும்.

கணக்கில் விடையை மட்டும் எழுதினால் நான் முழு மார்க் போட்டதில்லை. வழிமுறையும் வேண்டும் என்பேன். கடைக்காரரிடமும் கூச்சப்படாமல் அதையே கேளுங்கள். கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, நீங்களும் காட்டிவிட்டே சொல்லுங்கள்.