மகா சேனாபதி யார்?

உலக சரித்திரத்தில் தோன்றிய படைத்தலைவர்களுள் தலைசிறந்தவர் யார் என்னும் சர்ச்சை மிகப் பழமையானது. மாசிடோனியாவின் அலெக்ஸாண்டரே என்பார் சிலர். கார்த்தேஜின் ஹானிபாலே என்பார் வேறு சிலர். செங்கிஸ்கானுக்காகவும் நெப்போலியனுக்காகவும் வாதாடுவோர் பலர். கடார யாத்திரை நிகழ்ந்து ஆயிரம் ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் பாரதப் பிரதமரும் வந்து கலந்துகொண்ட விழா நடைபெற்றது. தஞ்சைத் தரணியில் இச்சர்ச்சைக்கு அது புதியதோர் ஊக்கம் அளித்தது. "எங்கள் ராஜேந்திரனுக்கு ஈடானவன் எவன்?" என்று நம்மவர் கேட்கின்றனர். கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆயினும் விடை கூறுமுன், எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கப் போகிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்வது அவசியம்.

படைவலி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், ராஜேந்திரன் தரப்பு மிகவும் பலமானது. அலெக்ஸாண்டரின் வீரர்கள் கி.மு. 326இல் பியாஸ் நதிக்கரையில் நின்று, இனி ஓர் அடியும் வையோம் என்று மறுத்துவிட்டனர்; கங்கையை அவன் கண்ணாலும் காணவில்லை. சோழர் சேனையோ காவிரிக் கரையிலிருந்து புறப்பட்டுக் கங்கை வரை சென்று மீண்டது. நெப்போலியன் 1805இல் பெருஞ்சேனையைத் திரட்டிப் பிரெஞ்சுக் கடற்கரையில் நிறுத்தியும், இருபது மைல் அகலமுள்ள கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்க இயலாமற் போனான். சோழர் மரக்கலங்களோ வங்கக் கடலைக் கடந்து ஸ்ரீவிஜயத்தை அடைந்தன. அதன் அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று சோழர் கைக்கொண்ட துறைகளையும் நாடுகளையும் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையாகக் கூறுகிறது. பருவக்காற்றின் போக்கறிந்து, யானைகளையும் ஆட்களையும் உணவையும் ஏற்றிக்கொண்டு, கரை காணாக் கடலில் ஒரு சேனையைச் செலுத்துவது எளிய காரியமன்று. அந்நிய ஆட்சியில் கிளைவின் பெருமையையும் வெல்லிங்டனின் பெருமையையும் மனப்பாடம் செய்து வளர்ந்த தேசத்திற்கு இச்செய்திகள் புத்துயிர் ஊட்டியதில் வியப்பில்லை.

ஆனால் மெய்க்கீர்த்தி என்பது வென்றவன் எழுதுவித்தது. தோற்றவனின் வயலில் நின்று பார்த்தால் அதே வெற்றி எவ்வாறு தோன்றும்? இதைத் தஞ்சைக் குடியானவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மைசூரின் ஹைதர் அலி மகா வீரன். 1780இல் பொள்ளிலூரில் கம்பெனிப் படையை முறியடித்தவன். வெள்ளையரை எதிர்த்தவன் என்பதற்காகத் தேசாபிமானிகள் அவனைப் போற்றுவதும் பொருத்தமே. எனினும் 1781இல் அவனது சேனை இந்நாட்டில் புகுந்து, தஞ்சைக் கோட்டை நீங்கலாக ஏறக்குறைய நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டபோது நடந்தது என்ன? மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பாசன வேலைகள் பாழாயின, குடிகள் சிதறினர், விளைச்சல் வீழ்ந்தது. மைசூரில் அவன் பெயர் வீரத்தின் பெயர். காவிரிக் கரையில் அக்காலத்திற்கு வழங்கிய பெயர் "ஹைதர் கலாபம்" என்பதே.

அந்தக் கலாபத்தை நினைத்து வருந்துகிற நாம், நம்முடைய சேனை பிற நாடுகளில் விட்டுவந்த நினைவையும் கேட்டறிய வேண்டாமா? கன்னட நாட்டில் ஹொட்டூர் என்னும் ஊரில் 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உளது. ஒன்பது லட்சம் வீரருடன் வந்த சோழன் நாட்டைச் சூறையாடினான் என்றும், பெண்களும் குழந்தைகளும் அந்தணரும் கொல்லப்பட்டனர் என்றும் அது பழி கூறுகிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். பகைவன் கூற்று என்று ஒரு பகுதியைத் தள்ளியும் விடலாம். ஆனால் முழுவதையும் தள்ளிவிட நியாயமில்லை. ஈழத்தில் 1017ஆம் ஆண்டையொட்டி ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாடு கொண்டுவரப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இங்கேயே இறந்தான். அவ்வமயம் விகாரங்கள் உடைக்கப்பட்டுப் பொன் விக்கிரகங்கள் கொள்ளை போயின என்று சூளவம்சம் கதறுகிறது. பெரிய கோயிலுக்கு நெல் அளக்குமாறு ஈழத்துக் கிராமங்களும் விதிக்கப்பட்டிருந்தன என்பதை நமது கல்வெட்டுகளே தெரிவிக்கின்றன. தஞ்சாவூரில் ஏற்றப்பட்ட விளக்கு எந்த வீட்டின் விளக்கை அணைத்து ஏற்றப்பட்டது என்று கேட்பது தேசத்துரோகமன்று. சத்தியத்தில் பற்றுள்ள தேசாபிமானம் கேட்டே தீரவேண்டிய கேள்வி அது.

இக்கேள்வி நமக்குப் புதியதுமன்று. தஞ்சைக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையேயுள்ள கோவில்வெண்ணியே சங்க காலத்து வெண்ணி என்பர். அப்போர்க்களத்தில் கரிகாற் சோழன் சேரனையும் பாண்டியனையும் வேளிர் பதினொருவரையும் ஒருங்கே வென்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்தமையால் நாணமுற்ற சேரமான், வடக்கிருந்து உயிர் நீத்தான். அவ்வூரிலேயே வாழ்ந்த வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, புகழுக்காக உயிரைத் துறந்த அச்சேரன் உன்னினும் நல்லவனல்லனோ என்று பாடினார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. வேட்கோவர் குலத்துப் பெண்ணொருத்தி, தன் நாட்டு மன்னனை, அவன் வெற்றி பெற்ற ஊரிலிருந்தே இவ்வாறு கேட்கலாம், அரசன் கேட்டுக்கொள்வான், தமிழுலகம் அப்பாட்டை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாதுகாத்து வைக்கும்! கடாரத்தை வென்றதைக் காட்டிலும் இது நமக்குக் குறைந்த பெருமையன்று.

அந்தக் கரிகாலனை இன்று நாட்டார் எதற்காக நினைக்கின்றனர்? வெண்ணி வெற்றியைப் புலவர் அறிவர். கல்லணையை உழவர் அனைவரும் அறிவர். ஜூன் 12 நெருங்கும்போது மேட்டூர் மதகு திறக்குமா என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்க்கும் குறுவைச் சாகுபடிக்காரன், தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது என்று கேட்டபின்பே நிம்மதி அடைகிறான். காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பிரியும் நீரில் அந்தச் சோழனின் பெயர் வாழ்கிறது. பகைவனின் அணியைக் குலைக்க ஒரு திறமை வேண்டும். கடைமடை நிலத்துக்கும் பங்கு தவறாமல் நீர் சேர்க்க அதனினும் மேலான திறமையும் பொறுமையும் வேண்டும்.

ராஜேந்திரனும் இதை உணர்ந்தே இருந்தான் என்பது நமது துணிபு. வடநாட்டுப் படையெடுப்பை நடத்திச் சென்றவன் அவனுடைய தண்டநாயகன். அரசன் கோதாவரிக் கரையில் அவனை எதிர்கொண்டான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் செய்தி. கொணர்ந்த கங்கை நீரின் ஞாபகார்த்தமாக அரசன் வெட்டுவித்தது சோழகங்கம் என்னும் ஏரி. கல்லால் ஒரு தூண் நாட்டாமல், நீராலாகிய ஜயஸ்தம்பம் என்று அவ்வேரியையே அச்செப்பேடு வருணிக்கிறது. 1855இல் வெளியான ஒரு விவரத்தின்படி, அதன் கரை 16 மைல் நீளமுடையது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து அறுபது மைலுக்கு மேற்பட்ட வாய்க்காலும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து மற்றொரு வாய்க்காலும் அதற்கு நீர் கொணர்ந்தன. அவ்வேரி எங்ஙனம் அழிந்தது? படையெடுத்து வந்த பகைவர் சேனையொன்று வேண்டுமென்றே பாழாக்கியது என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவந்த வரலாறு. ஒரு சேனாபதி கட்டியதை மற்றொரு சேனாபதி அழித்தான். இருவரில் எவன் பெரியவன் என்று அவ்வேரியை நம்பிய உழவனைக் கேட்டால் போதும்.

இன்னொன்றும் நடந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து அவ்வணைக்குக் கொண்டுபோயினர். ஊரார் தடுக்க முயன்றும் பயனில்லை. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கூறிய வாக்கும் காற்றில் போயிற்று. அணையைத் திட்டமிட்ட ஆர்தர் காட்டன், 1824 முதல் 1826 வரை நடந்த பர்மா யுத்தத்தில் பங்குகொண்ட ராணுவ எஞ்சினியர். கம்பெனியார் அணை கட்டியது தர்மத்துக்காகவன்று, நிலவரிக்காகவே. கோயில் மதிலை இடித்த குற்றத்தை நாம் மன்னிக்கவுமில்லை. ஆயினும் அவர் எந்தப் போரில் எந்தப் படையில் நின்றார் என்று இன்று கேட்பார் இல்லை. அணை கட்டினார் என்பதை மட்டும் மறப்பார் இல்லை. அந்நியனுக்கும் இந்நாடு வழங்கும் தீர்ப்பு அதுவே.

ஆகவே நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகவே கூறுவோம். படை நடத்தும் ஆற்றலில் ராஜேந்திரன் உலகின் முதல் வரிசையில் வைக்கத் தக்கவன். மகா சேனாபதி என்ற பட்டத்துக்கோ, எத்தனை நாடுகளைக் கொண்டான் என்பது கணக்கன்று. படை திரும்பிய பின் எத்தனை வயல் விளைந்தது, எத்தனை குடி நிம்மதியாக உண்டது என்பதே கணக்கு. அக்கணக்கில் ராஜேந்திரனுக்கு வரவு சோழகங்கம். அநுராதபுரத்தின் அழுகை பற்று. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே சரித்திரம்.

ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் சிலைகள் நாட்டப்படும் என்று பிரதமர் அவ்விழாவில் அறிவித்தார். சிலைகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் தனக்கு எது ஞாபகச்சின்னம் என்பதை அம்மன்னனே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்து வெட்டி வைத்துவிட்டான். பொன்னேரி என்னும் பெயரில் எஞ்சி நிற்கும் அச்சோழகங்கத்தைச் சீர்செய்யப் போவதாகத் தமிழ்நாட்டு அரசு 2025இல் அறிவித்ததையும் நேயர்கள் அறிவர். கரையை உயர்த்திப் படித்துறைக்கு வர்ணம் பூசுவதோடு அவ்வேலை நின்றுவிடலாகாது. நீர் வரும் வாய்க்கால்களும் நீர் போகும் மதகுகளும் திருத்தப்பட்டு, அதன் கீழுள்ள நிலங்கள் பாசனம் பெற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடார வெற்றியைக் கற்பிக்கும் அதே ஏட்டில் வெண்ணிக் குயத்தியாரின் கேள்வியும் இடம்பெற வேண்டும். கோயிலுக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன மதில் பொய்யாய்ப் போனதுபோல இந்த ஏரியும் பொய்யாய்ப் போகாதிருக்க, டெல்டா மக்கள் விழிப்புடன் இருப்பார்களாக.