நெருங்காத நிலவு



சூரிய கிரகணம் என்றதும் உங்களில் பலருக்கு இராகுவும் கேதுவும் நினைவுக்கு வரலாம். எனக்கு முதலில் வருவது பி.பி. ஸ்ரீனிவாஸின் குரல். 1966-இல் வந்த 'ராமு' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 'நிலவே என்னிடம் நெருங்காதே' என்ற பாட்டு. இலங்கை வானொலி ஒலித்த வீடுகளில் அந்தப் பாட்டைத் தெரியாதவர் இருக்கமாட்டார். படத்தில் அது ஒரு மனிதனின் துயரம். ஆனால் 2010 தை மாதத்துக்குப் பிறகு எப்போது கேட்டாலும், சூரியனே நிலவைப் பார்த்துப் பாடுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு நிலவும் சொன்னபடி கேட்டது. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் நாளில் வந்த சூரிய கிரகணம் அது. நிலவு பூமியை விட்டு மிகத் தொலைவான இடத்துக்குப் போக இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பூமியோ ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிகக் கிட்ட வந்துபோகும். ஆகவே சூரியன் சற்றுப் பெரிதாகவும் நிலவு நன்றாகச் சிறுத்தும் தெரிந்தன. சூரியனின் குறுக்களவில் 92 வீதத்தைத்தான் நிலவால் மறைக்க முடிந்தது. மிச்சம் ஒளி வளையமாக நின்றது. இந்து சமுத்திரத்தின் நடுவில் 11 நிமிடம் 8 செக்கன் நீடித்த அந்த வளையத்தைவிட நீண்ட ஒன்று இந்த ஆயிரமாண்டில் வேறு கிடையாது. நிலவு கொஞ்சம் நெருங்கியிருந்தால் முழு இருட்டு வந்திருக்கும், வளையம் வந்திராது.

கிரகணப் பாதையின் நடுக்கோடு தனுஷ்கோடிக்குப் பக்கத்தால் போனது. மன்னார்த் தீவு முழுவதும் பாதைக்குள் இருந்தது. பகல் ஒன்றேகால் மணிக்குப் பிறகு ஏறத்தாழ பத்து நிமிடம் இங்கே வளையம் நின்றது. யுத்தம் ஓய்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்த நேரம். தலைமன்னாருக்கு ரயில் கிடையாது, பெருநிலத்தோடு இணைக்கும் புதுப்பாலம்கூட அப்போது திறக்கப்படவில்லை. அந்த நண்பகலின் வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? இருட்டவில்லை. வெயிலின் சூடு மட்டும் இறங்கி, மணலின் வெள்ளை மங்கிற்று.

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பார்த்திருக்க வேண்டியது கொட்டிலின் தரையை என்பது என் எண்ணம். கிடுகுக் கூரையில் ஓட்டைக்கா பஞ்சம்? ஒவ்வொரு ஓட்டையும் ஊசித்துளைக் கமராவாகிவிட்டது. மற்ற நாளில் வெறும் பொட்டாக விழும் வெளிச்சம் அன்றைக்கு வளையம் வளையமாக விழுந்தது. கூரை இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே என்றால் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இருக்கும். வலையின் மேல், கருவாட்டுப் பாயின் மேல், தூங்கும் நாயின் முதுகில் எல்லாம் வளையங்கள். சமையலறை அரிதட்டைப் பிடித்தாலும் இதே கதைதான்.

நீண்ட லென்ஸ் வைத்து எடுத்த சூரியப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். ஆனால் கறுப்புப் பின்னணியில் நிற்கும் வளையம் மாலைதீவில் எடுத்தாலும் மன்னாரில் எடுத்தாலும் ஒன்றுதான். கருவாட்டுப் பாயில் விழுந்த வளையம் எங்கள் கரைக்கு மட்டும் உரியது. எங்கள் மக்களின் கையில் இருக்கும் படங்களில் இது அதிகம் இல்லையே என்பது என் மனக்குறை.

எடுத்த இடமும் நேரமும் ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1871 டிசம்பர் 12-இல் முழுக் கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்தபோது, யாழ்ப்பாணத்தில் கப்டன் ஹொக் என்பவர் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். கேரளக் கரையில் பேக்கலிலும் நீலகிரி தொட்டபெட்டாவிலும் வேறு குழுவினர் எடுத்தார்கள். அந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிமுடி எல்லா இடத்திலும் ஒரே வடிவில் இருந்தது. அது நம் காற்று மண்டலம் காட்டும் மாயம் அல்ல, சூரியனுக்கே உரியது என்ற முடிவுக்கு அது வலுவூட்டியது. ஒரு படத்தால் மட்டும் ஆகிற வேலையா அது?

அடுத்த வாய்ப்பு 2031 மே 21. தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடக்கும் வளையக் கிரகணம், எங்களுக்கு மதியம் கடந்த நேரத்தில். சோளகக் காற்று மணலை வாரி அடிக்கும் காலம் என்பதால் கமராவைத் துணியால் போர்த்தத் தயாராக இருங்கள். பஞ்சாங்கக் கணக்கில் 2010-இல் நடந்தது இராகுவின் பக்கம். 2019 டிசம்பர் 26, ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்திய காலையில், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையமாய்த் தெரிந்தது கேதுவின் பக்கம். 2031-உம் கேதுதான். கேது வழிபட்ட தலம் என்று போற்றப்படும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு அதன் பாலாவித் தீர்த்தக் கரையில் மரநிழலில் கமராவோடு நிற்க எனக்குப் பெரும் ஆசை.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். வளையம் நிற்கும்போதுகூடக் கண்ணைக் கெடுக்கும் அளவுக்குச் சூரியனின் ஒளி மிஞ்சியிருக்கும். கண்ணின் விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்த பிறகுதான் பார்வை மங்கும். எக்ஸ்ரே பிலிம், புகைபிடித்த கண்ணாடி, வெயில் கண்ணாடி எதுவும் உதவாது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த கிரகணக் கண்ணாடி, அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும். கமராவில் சூரிய வடிகட்டி லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும், கடைசிவரை கழற்றக்கூடாது. தரையில் விழும் வளையங்களைப் பார்க்க மட்டும் எதுவும் வேண்டாம்.

2010-இலோ 2019-இலோ எடுத்த படம் உங்கள் வீட்டு அல்பத்தில், பழைய போனில் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். மங்கியிருந்தாலும் ஆடியிருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊர், எத்தனை மணி, யார் வீட்டு முற்றம் என்று எழுதுங்கள். மன்னார்த் தீவின் பேசாலையில் எடுத்ததையும் தனுஷ்கோடியில் எடுத்ததையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும். அப்போது உங்கள் மனதில் ஓடிய பாட்டு எது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்