குழிக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்?

மாசி மாசம். மிளகாய்ப் பழம் பறிப்பு உச்சத்துல இருந்த நேரம். எங்க அயித்தை விடியுறதுக்கு முன்னாடி காட்டுக்கு நடந்து போனவங்க, குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட குழியில விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. குழிக்குப் பக்கத்துல சிவப்புத் துணி கட்டின ஒரு கம்புகூடக் கிடையாது. குறுக்க ரெண்டு கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தாலும் போதும். எங்க ராமநாதபுரம் சீமையில முள்ளுக்கா பஞ்சம்?

பார்க்க வந்த சனம் எல்லாம் "நேரம் சரியில்லை", "குலசாமிக்கு ஏதோ குறை வச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. நானும் என் பங்குக்கு, "தலைக்கு வந்தது கையோட போச்சுன்னு நெனச்சுக்கங்க அயித்தை"ன்னேன். இப்போ நெனச்சா வெக்கமா இருக்கு.

1964 டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போச்சே, அதை விதின்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். தோண்டின குழியை மூடாமப் போறதுக்குப் பேரு அலட்சியம். எல்லா விழுகைக்கும் அடுத்தவனைக் குத்தம் சொல்லணும்னு நான் பேச வரலை. நீங்க ராமேஸ்வரத்துக்கு வந்து 22 தீர்த்தமும் ஆடிட்டு நடக்கும்போது கல் தரை ஈரமாத்தான் இருக்கும். அங்க பார்த்து நடக்குறது நம்ம பொறுப்பு. ஆனா இருட்டுல, நடக்குற பாதையில குழி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? தோண்டினவனுக்குத்தான் தெரியும். அதனால பொறுப்பும் அவனோடதுதான்.

இது என் சொந்த நியாயம் இல்லை. டெல்லி சாந்தினி சௌக்ல மணிக்கூண்டு இடிஞ்சு சனம் செத்த வழக்குல, 1966-ல உச்ச நீதிமன்றம் மாநகராட்சிதான் பொறுப்புன்னு சொன்னது. அந்தக் கட்டடத்துக்கு வயசு 80. அதோட காரை 40, 45 வருஷந்தான் தாங்கும். ஒழுங்காப் பராமரிச்சிருந்தா விழுந்திருக்காது, விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சின்னு கோர்ட் எடுத்துக்கிச்சு. 2019 செப்டம்பர்ல சென்னைப் பள்ளிக்கரணையில பேனர் சரிஞ்சு, தண்ணி லாரி ஏறி 23 வயசுப் பொண்ணு செத்ததை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. மறுநாளே உயர் நீதிமன்றம் 5 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவு போட்டது.

எல்லா வழக்கும் ஜெயிக்கும்னும் சொல்ல முடியாது. ராஜ்கோட்ல சாலையோர மரம் விழுந்து ஒருத்தர் இறந்ததுக்கு மாநகராட்சி பொறுப்பில்லைன்னு 1997-ல அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. அதனாலதான் சாட்சியும் காகிதமும் முக்கியம்.

எங்க ஆளுங்க தோத்துப் போறது அங்கதான். கை ஒடிஞ்சா முதல்ல ஓடுறது நாட்டு வைத்தியர்கிட்ட கட்டுப் போட. கட்டு நல்ல கட்டாவே இருக்கட்டும், ஆனா காகிதம் கிடைக்காது. பெரியாஸ்பத்திரிக்குப் போயி, எங்க எப்படி விழுந்தோம்னு சொல்லி விபத்துப் பதிவேட்டுல எழுத வச்சு, ஏ.ஆர். காப்பி வாங்கணும். ஸ்டேஷன்ல ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கணும். குழியை அன்னைக்கே போட்டோ எடுத்து வைக்கணும். வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு கவலை வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் வச்சுத் தருது. 15100-க்குப் போன் போட்டாலே வழி சொல்லுவாங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில மோதிட்டு நிக்காமப் போன வண்டின்னா அதுக்குத் தனித் திட்டமே இருக்கு. 2022 ஏப்ரல்லயிருந்து உயிர் போனா 2 லட்சம், பலத்த காயம்னா 50,000.

"கூலிக்காரிக்கு வருமானச் சான்று ஏது?"ன்னு கேப்பீங்க. கர்நாடகாவுல விபத்துல அடிபட்ட காய்கறி வியாபாரி ஒருத்தர் வழக்குல, இவங்ககிட்ட வருமானத்துக்கு ஆவணம் கேக்கக் கூடாதுன்னு சொல்லி, மாசம் 6,500 ரூபாய்னு உச்ச நீதிமன்றமே 2014-ல கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கு.

அயித்தைகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "ஏய்யா, கை ஒடிஞ்சதைக் காட்டிக் காசு கேட்டா பிச்சை எடுக்குற மாதிரி ஆகாதா?"ன்னாங்க. எனக்குப் பதில் வரலை. நம்ம ஊர்ல செத்தாத்தான் நிவாரணம்னு அறிவிக்கிறாங்க. அதுவும் ஏதோ கருணை மாதிரி. உயிரோட இருந்து ஒரு பறிப்புப் பருவம் முழுசும் கூலி இழந்தவங்களைக் கணக்குலயே எடுக்குறது இல்லை. வாங்கிப் பழகினது நிவாரணம், அதனால இழப்பீடும் பிச்சையாத் தெரியுது. வரப்பை வெட்டி என் வயலுக்குச் சேதம் பண்ணினவன்கிட்ட நான் நட்டம் கேட்டா யாராவது பிச்சைன்னு சொல்லுவாங்களா?

நகரத்துல இருக்குற நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க. உங்களுக்கு அடிபட்டா விட்டுடாதீங்க, கேளுங்க. நாலு பேர் கேட்டு நாலு இடத்துல பணம் கட்ட வேண்டி வந்தாத்தான், அஞ்சாவது குழிக்குப் பக்கத்துல ஒரு விளக்காவது வைப்பாங்க. அதுல தப்பிக்கிறது எங்க அயித்தை மாதிரி, கேக்கத் தெரியாதவங்களாவும் இருக்கலாம்.

குழியை இப்போ மூடிட்டாங்க. நாங்க போட்டோ எடுக்கலை. அது இருந்ததுக்கு மிச்சமிருக்குற ஒரே சாட்சி, கோணலாக் கூடிப்போன அயித்தையோட மணிக்கட்டுதான்.